மூன்றாம் பெஞ்சின் சுவரோரம்

ஊசியக்காவுக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அவளுக்கே கையெழுத்துப் போடும்போதுதான் ஞாபகம் வரும். பரிசோதனைக்கூடத்துக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருவது அவள் தொழில். விடிந்தும் விடியாமலும் தோளில் நீலப் பெட்டியோடு வந்து அழைப்புமணியை அழுத்துவாள். "ஒண்ணும் சாப்பிடலையே? காபி குடிக்கலையே? பொய் சொன்னா ரத்தம் காட்டிக் குடுத்துரும்" என்று மிரட்டிக்கொண்டே உள்ளே வருவாள். ரப்பர் பட்டையைக் கட்டி, நரம்பைத் தட்டி, மருமகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டு, பதில் வருவதற்குள் எடுத்து முடித்துவிடுவாள். அவள் குத்தி யாருக்கும் வலித்ததில்லை. ஆனால் கொஞ்ச காலமாக அவள் வருகிறாள் என்றாலே சபையார் வீடுகளில் ஒரு நடுக்கம்.

காரணம், அவள் எல்லா வீட்டிலும் கேட்கும் ஒரே கேள்வி. "ஏன் சர்ச்சுக்கு வரல?"

ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் மனிதன் என்ன சொல்வான்? "அடுத்த வாரம் கண்டிப்பா வந்துர்றேங்க்கா" என்பான். பஞ்சை வைத்து அழுத்தி அவள் படியிறங்குவதற்குள் மறந்தும் போவான்.

எல்லாம் கொரோனா செய்த வேலை. சர்ச்சைப் பூட்டிய காலத்தில் ஆராதனையை ஃபோனில் படம்பிடித்து வீட்டுக்கு வீடு நேரலையாக அனுப்ப ஏற்பாடு நடந்தது. அந்தப் பொறுப்பு ஊசியக்காவின் வீட்டுக்காரர் தலையில் விழுந்தது. அவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். காலமெல்லாம் ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்று டிக்கெட் கிழித்தவர், இவர் கை ஆடவே ஆடாது என்று கமிட்டி ஏகமனதாக முடிவு செய்தது. கை ஆடவில்லைதான். வாய்தான் சும்மா இருக்கவில்லை. முதல் பாட்டு தொடங்கும் முன்பு ஆளே இல்லாத சர்ச்சைப் பார்த்து, "உள்ள போங்க, முன்னாடி காலியாத்தான் இருக்கு" என்று அவர் சொன்னது அத்தனை வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது.

பிறகு தொற்று ஓய்ந்தது. கதவு திறந்தது. முகக்கவசம் கழன்றது. சபைதான் வரவில்லை. இதே ஜனங்கள் சினிமாவுக்குப் போனார்கள். தள்ளுபடி போட்ட கடையில் ஒருவர் முதுகில் ஒருவர் ஏறினார்கள். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் கை வைக்கும் அளவுக்கு நெருங்கி உட்கார்ந்தார்கள். சர்ச் என்றால் மட்டும், "கூட்டத்துல கொஞ்சம் பயமா இருக்குக்கா" என்றார்கள். எந்தக் கூட்டம்? அங்கே கூட்டம் இருந்தால் இவள் ஏன் காலங்காத்தாலே வந்து கெஞ்சப் போகிறாள்?

சர்ச் பூட்டியிருந்த காலத்தில் ஞாயிறு காலைகளில் ரத்தம் எடுக்கப் போன இடத்தில் அவள் கண்ட காட்சிகளைச் சொன்னால் போதகர் வேலையை விட்டுவிடுவார். ஒரு வீட்டில் டிவியில் அவர் உருகி உருகிப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார், சோபாவில் உட்கார்ந்து கேட்டது அந்த வீட்டு நாய். குடும்பம் சமையலறையில் ஆம்லெட்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. இன்னொரு வீட்டில் குடும்பத்தலைவர் கட்டிலில் போர்வைக்குள் இருந்தார். "எழுந்து நின்று பாடுவோமாக" என்று போதகர் சொன்னதும், போர்வைக்குள் ஒரு முழங்கால் மட்டும் பக்தியோடு எழுந்து நின்றது.

போதகர் பாவம், இளவயது. ஊரடங்குக்கு நடுவில் மாற்றலாகி வந்தவர். சபையாரை அவர் கண்களை வைத்துத்தான் கற்றுக்கொண்டிருந்தார். முகக்கவசம் கழன்றதும் ஒருவரையும் அடையாளம் தெரியவில்லை. தெருவில் யாராவது "ஸ்தோத்திரம் ஐயா" என்றால், தன் கையைத் தூக்கி அவர்கள் மூக்குக்குக் கீழே மறைகிற மாதிரி பிடித்துப் பார்த்து, "அட, நீங்களா!" என்பார். ஆசீர்வாதம் செய்கிறார் என்று எண்ணிச் சிலர் தலையைக் குனிந்தார்கள்.

ஆனால் ஊசியக்கா வீடுவீடாகப் போய்க் கேட்டது போதகருக்காக இல்லை. கமிட்டிக்காகவும் இல்லை. உள்ளதைச் சொன்னால், அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு ஆள். பட்டன்கடைக்காரி.

மூன்றாம் பெஞ்சில் இருபது வருஷமாக மூவர். சுவரோரம் ஊசியக்கா. நடுவில் பட்டனும் நூலும் ஜிப்பும் விற்கிற பட்டன்கடைக்காரி. நடைபாதை ஓரத்தில் அவள் கணவர், எல்லோருக்கும் அண்ணன். ஊசியக்காவின் குரல் பெரிய குரல். எந்தப் பாட்டையும் இரண்டாம் சரணத்துக்குள் மொட்டைமாடிக்கு ஏற்றிவிடும், இறக்கத்தான் தெரியாது. சுருதி மேலே போகிற அந்த நொடியில் பட்டன்கடைக்காரி பாட்டுப் புத்தகத்துக்கு அடியில் கையை நுழைத்து அவள் தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு கிள்ளுவாள். குரல் ஒரு படி இறங்கும். அண்ணன் அந்தப் பக்கம் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். இருபது வருஷமாக இந்தச் சபையின் சங்கீதம் ஒரு கிள்ளில்தான் ஓடிக்கொண்டிருந்தது என்பது ஆர்கன் வாசிப்பவருக்குக்கூடத் தெரியாது.

தொற்று அண்ணனைக் கொண்டுபோனது. அடக்கத்துக்குப் பத்துப் பேரைக்கூட விடவில்லை. ஊசியக்கா சாலைக்கு அந்தப் பக்கம் நின்று அழுதாள். அதற்குப் பிறகு பட்டன்கடைக்காரி சர்ச் படி ஏறவில்லை.

ஊசியக்கா வாராவாரம் கடைக்குப் போவாள். சும்மா போனால் நன்றாக இருக்காது என்று ஒரு பட்டன் அட்டை வாங்குவாள். வீட்டிலிருக்கும் சட்டைகளைவிடப் பட்டன் அதிகமாகிவிட்டது. கண்டக்டர் ஒன்றும் கேட்காமல் அவற்றை ஒரு டப்பாவில் போட்டு வைத்தார்.

"வர்றேன்டி. இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்" என்பாள் பட்டன்கடைக்காரி.

"இப்படியே எத்தன நாளுடி?"

"அவரு எடம் காலியா இருக்கும்ல. பக்கத்துல அதப் பாத்துக்கிட்டு எப்படி உக்காருவேன்?"

ஊசியக்கா அட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பட்டனுக்குக் காசு கொடுக்கக்கூட மறந்து வந்துவிட்டாள்.

திருப்பம் ஒரு மழைநாளில் வந்தது. சர்ச்சின் கூரை சரியாக ஊசியக்காவின் தலைக்கு மேலே சொட்டியது. நெற்றியில் இரண்டு சொட்டு வாங்கியதும் எழுந்து, நாலாம் பெஞ்சில் மின்விசிறிக்கு நேர் கீழே போய் உட்கார்ந்தாள். காலி இடம்தானே! அதே நாளில் கண்டக்டரின் ஃபோன் தாங்கி உடைந்தது. அவர் ஃபோனை ஆர்கன் மேல் பாட்டுப் புத்தகத்தில் சாய்த்து வைத்தார். வைத்த வேகத்தில் விரல் எங்கோ பட்டு முன்பக்கக் கேமரா திறந்துகொண்டது. போதகர் ஒருமணி நேரம் ஃபோனை நோக்கிக் கையை ஆட்டி ஆட்டிப் பேசியது வீண். வீடுகளில் தெரிந்ததெல்லாம் காலி பெஞ்சுகள்தான். நடுவே நாலாம் பெஞ்சில் ஊசியக்கா வாயைப் பிளந்து பாடிக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் ஃபோன் வந்தது. கணக்கு வாத்தியார். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றும் அதட்டலிலிருந்து ஓய்வு பெறாதவர்.

"நீ எந்த எடத்துல உக்காந்திருந்த?"

"பெஞ்சுல சார்."

"அது என் எடம். எங்க அப்பா காலத்துலேருந்து அந்த ஃபேனுக்குக் கீழ நாங்கதான்."

"பேரு எழுதியிருக்கா சார்?"

வாத்தியார் ஃபோனைப் பட்டென்று வைத்தார். அடுத்த ஞாயிறு, மணி அடிப்பதற்கும் முன்னால், வாத்தியார் மனைவி மகன் மருமகள் சகிதம் வந்து நாலாம் பெஞ்சில் மின்விசிறிக்குக் கீழே அழுத்தி உட்கார்ந்துவிட்டார். கைக்குட்டையால் இருக்கையை இரண்டு தடவை துடைத்தார். ஊசியக்காவைத் தொற்றுநோயைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

அவளுக்கா கோபம் வரும்? வாய் காதுவரை போயிற்று. அத்தனை மாதம் ஊசியைக் காட்டியும் வராத மனிதர், ஒரு பெஞ்சுக்காக ஓடி வந்திருக்கிறாரே! இந்தச் சபையில் யார் இடம் எது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆனால் பிறந்த குழந்தைக்கும் தெரியும். பரலோகத்தில் இடம் கிடைக்காவிட்டால்கூடப் பொறுத்துக்கொள்வார்கள், பெஞ்சில் இடம் போனால் பொறுக்கமாட்டார்கள். இது இத்தனை நாள் தன் மண்டையில் ஏறவில்லையே என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏங்க, கேமராவ இனிமே அப்படியே பெஞ்சப் பாத்தே வைங்க."

"ஐயா முகம் தெரியாதேம்மா?"

"ஐயா முகத்தப் பாத்து யாராவது வந்தாங்களா?"

போதகரிடம் போய், "சபையார் முகத்த சபையார் பாக்கணும் ஐயா, அதுதான் ஐக்கியம்" என்றாள். அவர் கண் கலங்கிவிட்டார். அடுத்த பிரசங்கமே அதைப் பற்றித்தான்.

அதற்குப் பிறகு ஊசியக்கா வாரம் ஓர் இடத்தில் உட்கார்ந்தாள். ஒரு வாரம் பேங்க் மேனேஜர் குடும்பத்தின் இரண்டாம் பெஞ்சு. சும்மா உட்காரவில்லை, பையைப் பக்கத்தில் பரப்பி, செருப்பைக் கழற்றிக் காலை மடித்து, சொந்த வீடு மாதிரி உட்கார்ந்தாள். மறுவாரம் மேனேஜர் வீட்டம்மா புது உடையில் வந்து நின்றாள். இன்னொரு வாரம் தூணோரம். அது ஆம்லெட் குடும்பத்தின் பூர்வீக இடம், பிரசங்கத்தில் தூங்கினால் போதகருக்குத் தெரியாது. அவர்கள் நாயைத் தவிர எல்லோரும் வந்தார்கள். போர்வைக்காரர் கடைசி பெஞ்சுக்குச் சொந்தக்காரர். தன் இடத்தில் ஊசியக்கா ரத்தப் பெட்டியை வைத்திருப்பதை நேரலையில் பார்த்து, இரண்டு கால்களாலும் எழுந்து அந்த ஆராதனைக்கே வந்து சேர்ந்தார்.

நேரலை பார்ப்பவர்கள் எண்ணிக்கை கூடியது. பாட்டுக்காக இல்லை. இந்த வாரம் யார் இடம் போனது என்று பார்க்க. கண்டக்டருக்கு மறுபடி உத்தியோகம் கிடைத்த மாதிரி தெம்பு. வாசலில் நின்று, "தள்ளி உக்காருங்க, எல்லாரும் போகணும்ல" என்று குரல் கொடுத்தார். போதகர் தன் பிரசங்கத்தால்தான் சபையில் இந்தப் பக்தி எழுப்புதல் என்று நம்பிப் பிரசங்கத்தைக் கால்மணி நேரம் நீட்டினார். நல்ல மனிதர், அவர் நம்பிக்கையைக் கெடுப்பானேன் என்று ஊசியக்கா விட்டுவிட்டாள்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று சும்மாவா சொன்னார்கள்? வெற்றி அவள் தலைக்கு ஏறியது. எல்லோரும் வந்தாயிற்று, மூன்றாம் பெஞ்சு மட்டும் வெறிச்சென்று கிடக்கிறது. ஒரு ஞாயிறு அவள் யோசித்தாளோ யோசிக்கவில்லையோ, நேராகப் போய் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்தாள். அண்ணனின் இடம். உட்கார்ந்த கணமே பெஞ்சு சுட்ட மாதிரி இருந்தது. எழுந்திருக்கலாம் என்று பார்த்தால் கேமரா பார்த்துக்கொண்டிருந்தது. அன்று அவள் பாடவே இல்லை. ஆர்கன்காரர் நிம்மதியாக வாசித்தார்.

மறுநாள் கடைக்குப் போனாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் காலில் விழுந்துவிடலாம் என்று தயாராகத்தான் போனாள். நேரலையைப் பார்த்திருந்தும் பட்டன்கடைக்காரி திட்டவில்லை. வழக்கமான பட்டன் அட்டையை எடுத்துக் காகிதத்தில் சுற்றி நீட்டினாள்.

"அது அவரு எடம்டி" என்றாள். திரும்பி அலமாரியில் நூல்கண்டுகளை அடுக்கத் தொடங்கினாள். அவை ஏற்கெனவே அடுக்கியிருந்தன.

ஊசியக்கா வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தாள். ஊரையெல்லாம் கூட்டி வந்துவிட்டு, வேண்டிய ஒருத்தியைத் தானே விரட்டிவிட்டாளே! ஒரு வாரம் முழுக்க எந்த வீட்டிலும் அவள் கேள்வி கேட்கவில்லை. ரத்தம் எடுத்தாள், பஞ்சை வைத்தாள், போனாள். "அக்காவுக்கு உடம்பு சரியில்லையோ" என்று நோயாளிகள் பயந்தார்கள்.

ஞாயிறன்று, "எனக்குக் காய்ச்சல். நீங்க மட்டும் போங்க" என்றாள்.

கண்டக்டர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். ஜில்லென்று இருந்தது. "ஆமா, கொதிக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல புருஷன்.

அவள் வீட்டு நைட்டியோடு கட்டிலில் சுருண்டு ஃபோனைத் திறந்தாள். இத்தனை பேரைக் கேலி பேசியவள் இப்போது அவர்களைப் போலவே போர்வைக்குள் கிடந்தாள். வாத்தியார் மின்விசிறிக்குக் கீழே இருந்தார். மேனேஜர் குடும்பம் இருந்தது. போர்வைக்காரர் கடைசி பெஞ்சில் அதற்குள் தூங்கியிருந்தார். கேமரா பெஞ்சுகளைப் பார்த்து நின்றது.

மூன்றாம் பெஞ்சில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

சுவரோரத்தில். ஊசியக்காவின் இடத்தில்!

அவள் எழுந்து உட்கார்ந்தாள். யாருடி அது, என் எடத்துல? இருபது வருஷ இடம். அவள் சாய்ந்து சாய்ந்து சுவரில் எண்ணெய்க் கறைகூட விழுந்திருக்கிறது. கோபம் மூக்குக்கு மேல் வந்தது. ஃபோனை முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். அந்த உருவம் தன் பையைப் பெஞ்சில் தாராளமாகப் பரப்பியிருந்தது. செருப்பைக் கழற்றிக் காலை மடித்திருந்தது. முகத்தை நிமிர்த்தி நேராகக் கேமராவையே முறைத்துக்கொண்டிருந்தது.

பட்டன்கடைக்காரி.

அதற்குப் பிறகு நடந்தது ஊசியக்காவுக்கே சரியாக நினைவில்லை. நைட்டிக்கு மேல் பரிசோதனைக்கூடத்து வெள்ளைக் கோட்டை மாட்டியது, ஒரு காலில் தன் செருப்பு, இன்னொரு காலில் கண்டக்டர் செருப்பு, இவ்வளவுதான் தெரியும். தெருவில் ஓடியவளைப் பார்த்து ஒரு ஆட்டோக்காரர், "எமர்ஜென்சியாக்கா?" என்று கேட்டு ஏற்றிக்கொண்டார். "ஆமா, ரொம்ப சீரியஸ்" என்றாள்.

வெள்ளைக் கோட்டோடு அவள் சர்ச்சுக்குள் நுழைந்ததும் யாரோ மயங்கி விழுந்துவிட்டார்கள் என்று எல்லோரும் எழுந்து நின்றார்கள். இரண்டு பேர் போர்வைக்காரரை உலுக்கி எழுப்பிப் பார்த்தார்கள். போதகர் தன் ஆயுளில் முதல்முறையாகப் பிரசங்கத்தைப் பாதியில் நிறுத்தினார். "முன்னாடி எடம் இருக்கு, உள்ள போங்க" என்றார் கண்டக்டர், ஆர்கன் பக்கத்திலிருந்து.

ஊசியக்கா மூன்றாம் பெஞ்சின் முன்னால் மூச்சு வாங்க நின்றாள்.

"அது என் எடம்டி."

பட்டன்கடைக்காரி அவளை மேலும் கீழும் பார்த்தாள். நைட்டி, கோட்டு, இரண்டு தினுசு செருப்பு.

"பேரு எழுதியிருக்கா?"

நாலாம் பெஞ்சில் வாத்தியார் ஒரு சத்தம் போட்டார். அது இருமல் என்று பிற்பாடு சாதித்தார்.

"நீ இங்க உக்காந்தா நான் எங்கடி உக்கார்றது?" என்றாள் ஊசியக்கா.

பட்டன்கடைக்காரி தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பெஞ்சின் நடுவே தட்டிக் காட்டினாள். "இங்க. என் எடத்துல. நீ நடுவுல இருந்தா எனக்கு அந்தப் பக்கம் தெரியாது. நீதான் அகலமா இருக்கியே."

ஊசியக்கா உட்கார்ந்தாள். ஒரு பக்கம் சிநேகிதி, மறுபக்கம் அண்ணனின் காலி இடம். அந்தப் பக்கம் காற்று கொஞ்சம் குளிர்ந்த மாதிரி இருந்தது. அவள் கோட்டை நன்றாக விரித்து அகலமாக்கிக்கொண்டாள். கையோடு வந்துவிட்ட ஃபோனை அந்த இடத்தில் வைக்கலாமா என்று நினைத்து, வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"மன்னிச்சிருடி" என்றாள் மெதுவாக.

"பாட்டு வருது. புஸ்தகத்த விரி."

போதகர், விட்ட இடம் தெரியாததால், பிரசங்கத்தை அங்கேயே முடித்துப் பாட்டுக்குப் போனார். சபைக்கு அதுவே பெரிய ஆசீர்வாதம். எல்லோரும் எழுந்தார்கள். முதல் சரணம் ஒழுங்காகப் போனது. இரண்டாம் சரணத்தில் ஊசியக்காவின் குரல் வழக்கம்போல் படியேறத் தொடங்கியது. ஒரு படி, இரண்டு படி. ஆர்கன்காரர் பயந்து திரும்பிப் பார்த்தார்.

பாட்டுப் புத்தகத்துக்கு அடியில் ஒரு கை வந்தது. நறுக்கென்று ஒரு கிள்ளு. வெகுநாள் பாக்கியெல்லாம் சேர்த்து வைத்த கிள்ளு அது. குரல் இறங்கியது. ஊசியக்காவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது.

பாட்டில் எவ்வளவு உருகுகிறார்கள் பாருங்கள் என்று நினைத்த போதகர், மூன்றாம் சரணத்தை இன்னொரு முறை பாடச் சொன்னார். ஊசியக்கா அதையும் மேலே ஏற்றினாள், வேண்டுமென்றே.